வீட்டு நிலத் தேடல் (சர்ச்) ரிப்போர்ட்டில் "மேல்விசாரணை தேவை": வீட்டுக்கு அடியில் பழைய குப்பைமேடாம். வாங்கலாமா?

புதுவீட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். லண்டனுக்கு மேற்கே, ரயிலில் 40 நிமிடத்தில் போகிற ஒரு ஊரில் வீடு பார்த்து, விலை பேசி, இரண்டு மாதம் ஆகிறது. ஊர்ப் பெயர் வேண்டாமே. 1997-ல் கட்டிய மூன்று படுக்கையறை வீடு, வரிசையில் கடைசி. பின்னால் 12 மீட்டர் நீளத்துக்குத் தோட்டம். என் மனைவி வீட்டுக்குள் சுற்றியது பத்து நிமிடம், தோட்டத்தில் நின்றது அரைமணி நேரம். தண்டுக்கீரை இங்கே, வெந்தயம் அங்கே, வேலியோரம் சுரைக்கொடி என்று அன்றைக்கே பாத்தி பிரித்துவிட்டாள்.

போன வாரம் எங்கள் வக்கீல் (சொலிசிட்டர்), நிலத்தின் பழைய வரலாற்றைத் தேடிச் சொல்லும் சுற்றுச்சூழல் சர்ச் ரிப்போர்ட்டை அனுப்பினார். 70 பக்கத்துக்கு மேல். வெள்ள அபாயம் பச்சை, ரேடான் என்ற கதிரியக்க வாயு பச்சை. "மாசுபட்ட நிலம்" என்ற இடத்தில் மட்டும் ஆரஞ்சுப் பட்டை: "மேல்விசாரணை தேவை". உள்ளே பழைய வரைபடங்கள் இருந்தன. 1890-களின் வரைபடத்தில் எங்கள் வீடு இருக்கும் இடம் செங்கல் சூளை, பக்கத்தில் களிமண் எடுத்த குழி. 1930-களின் வரைபடத்தில் அந்தக் குழிக்குள் "குப்பைமேடு" என்று எழுதியிருக்கிறது. 1960-களில் வெறும் புல்வெளி. அதற்கப்புறம் எங்கள் தெரு.

சொலிசிட்டரிடம் கேட்டால், "உள்ளூர்க் கவுன்சிலின் மாசுபட்ட நிலப் பதிவேட்டில் இந்த நிலம் இல்லை, அதனால் பெரிய பிரச்சினை இராது, வேண்டுமானால் இன்சூரன்ஸ் பாலிசி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எனக்கு அது பதிலாகவே படவில்லை. பதிவேட்டில் இல்லை என்றால் கவுன்சில் வந்து பார்த்து, நல்ல மண் என்று சொல்லிவிட்டதா? இல்லை, யாருமே பார்க்கவில்லையா? பார்த்து முடிவு சொல்வது யார் வேலை?

எங்கள் மகளுக்கு இரண்டு வயது. கையில் கிடைக்கும் எதையும் முதலில் வாயில்தான் வைப்பாள், மண் உட்பட. அதனால்தான் இவ்வளவு நீளமாகக் கேட்கிறேன்.

சும்மா_ராஜா:

லண்டனைச் சுற்றி எங்கே தோண்டினாலும் இப்படித்தான் இருக்கும். 150 வருஷமாக நிலக்கரி எரித்த நாடு. இந்த ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் தங்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு போடுவார்கள். நான் பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ரிப்போர்ட்டோடு வாங்கினேன், குடும்பத்தோடு நன்றாகத்தான் இருக்கிறேன். வீணாகப் பயந்து நல்ல வீட்டை விட்டுவிடாதீர்கள்.

சாவகச்சேரியான்:

தம்பி, உங்கள் கேள்வி சரியான கேள்வி. நான் ஒரு கவுன்சிலில் 19 வருடம் இந்த ஒரே வேலையைத்தான் செய்தேன். இப்போது ஓய்வு. எந்தக் கவுன்சில் என்று கேட்க வேண்டாம்.

முதலில் பதிவேட்டை விளங்கிக்கொள்ளுங்கள். 1990-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 143-ம் பிரிவில், மாசு வரக்கூடிய தொழில் நடந்த காணிகளை எல்லாம் பட்டியல் போட்டுப் பகிரங்கமாக வைப்பது என்று எழுதியிருந்தார்கள். வீட்டு விலை விழுந்துவிடும் என்று பெரிய கூச்சல் எழும்பியது. 1993-ல் அரசாங்கம் அதைக் கைவிட்டது. ஒரு நாள்கூட அது நடைமுறைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக 1995-ல் அதே சட்டத்துக்குள் சொருகியதுதான் "2ஏ பகுதி". இங்கிலாந்தில் 2000 ஏப்ரல் 1 முதல் அதுதான் ஓடுகிறது. இதன்படி உள்ள பதிவேட்டில் சந்தேகத்துக்குரிய காணி எதுவும் ஏறாது. கவுன்சில் தோண்டிப் பார்த்து, ஆதாரத்தோடு "இது மாசுபட்ட நிலம்" என்று எழுத்தில் தீர்மானித்து, அதன்பிறகு நடந்த நடவடிக்கைகள்தான் ஏறும். 2000 முதல் 2013 முடியும் வரை இங்கிலாந்து முழுவதிலும் அப்படித் தீர்மானிக்கப்பட்ட இடங்கள் 511. கவுன்சில்களோ முந்நூறுக்கு மேல். பெரும்பாலான கவுன்சில்களின் பதிவேடு ஒரு மெல்லிய கோப்பு, சிலவற்றில் வெறும் அட்டை மட்டும்தான். உங்கள் சொலிசிற்றர் சொன்னது பொய் இல்லை. அதில் செய்தியும் இல்லை.

அடுத்தது, கவுன்சில் எப்படித் தேடுகிறது. தன் பகுதியை அவ்வப்போது ஆராய வேண்டும் என்பது சட்டக் கடமை. எப்படி ஆராயப் போகிறோம் என்று ஒரு திட்டம் எழுதி வெளியிடவும் வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் அந்தத் திட்டத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேலையின் முதல் இரண்டு வருடம் நான் மண்ணைத் தொடவே இல்லை. அடித்தளத்தில் ஓர் அறை, ஒரு கணினி, 19-ம் நூற்றாண்டிலிருந்து வந்த அளவை வரைபடங்கள். ஒவ்வொரு தாளாகத் திரையில் போட்டு, தோல் பதனிடும் ஆலை, நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த எரிவாயு ஆலை, சாயப்பட்டறை, ரயில் பணிமனை, குழி, மேடு என்று கண்ணில் படுவதைச் சுற்றிக் கோடு கீறினேன். பழைய தொழில் முகவரிப் புத்தகங்களைப் பார்த்தேன். ஊர்ப் பெரியவர்களிடமும் கதைத்தேன். ஒரு வயோதிபர், தான் சிறுவனாக இருந்தபோது எந்தக் குழிக்குள் நாள் முழுக்க லொறி லொறியாகச் சாம்பல் கொட்டினார்கள் என்று விரலால் காட்டினார். வரைபடத்தில் அந்தக் குழியே இல்லை, இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் வந்து போய்விட்டது!

இப்படி ஆயிரத்துக்கும் மேல் கோடுகள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட வேண்டும்: என்ன தொழில், எவ்வளவு காலம், இப்போது அதன் மேல் என்ன இருக்கிறது. எரிவாயு ஆலை மேல் வீடும் தோட்டமும் என்றால் பட்டியலில் மேலே போகும். அதே ஆலை மேல் தார் போட்ட வாகனத் தரிப்பிடம் என்றால் கீழே போகும். பிறகு மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பதுதான் திட்டம். எங்களுக்கு இருந்த ஆளுக்கும் காசுக்கும் எத்தனை பார்த்தோம் என்று நினைக்கிறீர்கள்? என் விரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம். உங்கள் தெருவும் அப்படி ஒரு கோட்டுக்குள் கிடக்கலாம். புள்ளி போட்டிருப்பார்கள். மண்ணில் கரண்டி போட்டிருக்க மாட்டார்கள்.

தார் போட்ட தரிப்பிடம் ஏன் கீழே போகிறது என்றால், சட்டம் கேட்பது மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று மட்டும் அல்ல. நஞ்சு இருக்க வேண்டும், அது வந்து சேர ஒரு வழி இருக்க வேண்டும், போய்ச் சேரும் இடத்தில் ஆளோ நிலத்தடி நீரோ இருக்க வேண்டும். மூன்றும் ஒரே சங்கிலியாகச் சேர்ந்தால்தான் கதை. கோர்பி நகரத்தை எடுங்கள். எஃகு ஆலை மூடிய பிறகு அந்தப் பெரிய நிலத்தைத் துப்புரவாக்கினார்கள். கிளறிய மண்ணை லொறிகளில் ஊருக்குள்ளால் கொண்டுபோனார்கள், தூசு பறந்தது, தெருவெல்லாம் சேறு. கை கால் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில், 1985-க்கும் 1997-க்கும் இடையில் கவுன்சில் அந்த வேலையை அலட்சியமாகச் செய்தது என்று 2009-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. துப்புரவாக்கப் போன வேலையே நஞ்சுக்கு வழி திறந்துவிட்டது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

உங்கள் விடயத்தில் வழி இரண்டு. ஒன்று வாயு. பழைய களிமண் குழியில் குப்பை என்றவுடன் எங்கள் ஆட்களுக்கு லோஸ்கோ ஞாபகம் வரும். டார்பிஷயரில் அதுவும் செங்கல் ஆலையின் குழிதான். 1973-லிருந்து 1982 வரை வீட்டுக் குப்பை கொட்டி மூடினார்கள். 1986 மார்ச் 24 விடியற்காலை, காற்றழுத்தம் சடாரென்று இறங்கிய நேரத்தில், மீத்தேன் பாறை வெடிப்புகளுக்குள்ளால் பக்கத்து வீட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்து வெடித்தது. வீடு தரைமட்டம். உள்ளே இருந்த மூன்று பேருக்கும் கடுமையான காயம், உயிர் தப்பினார்கள். ஆனால் பயந்துவிடாதீர்கள். உங்கள் குப்பை 1930-களின் குப்பை. அந்தக் காலத்து வீட்டுக் குப்பையில் பாதி அடுப்புச் சாம்பல். அழுகுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அழுகியதும் அழுகி முடிந்திருக்கும். பின்னால் வந்த, கடதாசியும் சாப்பாட்டு மிச்சமும் நிறைந்த குப்பைதான் வாயு கக்கும். இருந்தாலும் அந்தக் குழியை எந்த வருடம் மூடினார்கள் என்று பார்க்க வேண்டும். 1976-க்கு முன் குப்பை கொட்ட அனுமதிப்பத்திரம் என்ற முறையே இருக்கவில்லை. ஆகவே எழுத்தில் கிடைப்பது அரிது.

மற்ற வழி உங்கள் மகளின் வாய். சிரிக்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். இங்கே வீட்டு மண்ணுக்கான அளவுகள் எல்லாம் ஆறு வயதுவரையான ஒரு சிறுமியை மனதில் வைத்து எழுதியவை. தினமும் இவ்வளவு மண் விழுங்குவாள், தோட்டத்து மரக்கறி இவ்வளவு சாப்பிடுவாள் என்று கணக்கு. சாம்பல் குப்பையில் வருவது ஈயம், ஆர்சனிக், பென்சோபைரீன் என்ற புற்றுநோய் தரக்கூடிய தார்ப் பொருள். மரக்கறி பயிரிடும் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கிலோ மண்ணுக்கு ஈயம் 200 மில்லிகிராம், ஆர்சனிக் 37, பென்சோபைரீன் 5. இதற்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். மேலே போனால் உடனே "மாசுபட்ட நிலம்" ஆகிவிடாது. நகர்ப்புற மண்ணில் ஈயம் 820 வரை சாதாரணமாகவே இருக்கும் என்று பிரித்தானிய நிலவியல் அளவைத் துறை கணக்கு எடுத்திருக்கிறது. அந்த வகையில் சும்மா_ராஜா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியில்தான் உங்கள் மகள் விளையாடுகிறாள்.

இனிச் செய்ய வேண்டியது. 2ஏ பகுதியை விடுங்கள், அது கடைசி ஆயுதம். உங்கள் வீடு 1997-ல் வந்தது. அப்போது குப்பைமேட்டில் வீடு கட்ட அனுமதி கேட்டவரிடம், மண்ணைச் சோதித்து அறிக்கை கொடு என்று கவுன்சில் நிபந்தனை போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கோப்புதான் உங்களுக்குத் தேவை. 2004-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தகவல் விதிகளின்படி எழுதிக் கேளுங்கள். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை: திட்ட அனுமதியும் அதன் நிபந்தனைகளும், மண் ஆய்வு அறிக்கை, வாயு அளவீடு, துப்புரவு முடிந்ததற்கான சான்று, மாசு நிலப் பிரிவில் இந்த முகவரி பற்றிய குறிப்பு. கடைசியை மறக்க வேண்டாம். நான் கீறியது போன்ற கோடு அங்கேதான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கவுன்சிலுக்கு எழுதுவதற்கு முன் சொலிசிற்றரிடம் அந்த இன்சூரன்ஸைப் பற்றிக் கேளுங்கள். அதிகாரிகளோடு தொடர்பு கொண்டால் செல்லாது என்று சில பாலிசிகளில் எழுதியிருக்கும்.

மிட்லண்ட்ஸ்_மீனாட்சி:

சாவகச்சேரி அண்ணா சொன்ன அந்த 511-ல் எங்கள் பழைய வீடும் ஒன்று. அந்தப் பக்கத்துக் கதையையும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு 1970-களில் கட்டியது. பழைய எரிவாயு ஆலை இருந்த இடம் என்பது வாங்கும்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் கவுன்சிலிலிருந்து தெருவில் உள்ள 14 வீட்டுக்கும் ஒரே மாதிரி கடிதம் வந்தது. "உங்கள் வீடு அமைந்துள்ள பகுதியை ஆய்வு செய்ய உத்தேசித்துள்ளோம்" என்று. படித்துவிட்டு நான் அதை வரி பாக்கி நோட்டீஸ் மாதிரி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன்.

இரண்டு பையன்கள் கையால் திருகும் துளைப்பானோடு வந்தார்கள். புல்தரையில் ஐந்து இடம், என் ரோஜாச் செடிப் பக்கம் ஒரு இடம். மண்ணைச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு, எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். ஓர் இடத்தில் மண் நீலமாக வந்தது. துணிக்குப் போடும் நீலம் மாதிரி அப்படியொரு நீலம். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் "இதென்னடி, யாரோ சொட்டு நீலத்தைக் கொட்டிப் புதைச்சிருக்காங்க" என்றார். எரிவாயுவைச் சுத்தப்படுத்திய கழிவில் இருக்கும் சயனைடு இரும்போடு சேர்ந்தால் அந்த நிறம் வருமாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் அந்த நீலத்தைவிடப் பக்கத்தில் இருந்த கருப்புத் தார்தான் கவலை என்றார் வந்த அதிகாரி.

அப்புறம் 11 மாதம் ஒன்றும் இல்லை. அந்த 11 மாதம்தான் கொடுமை. தோட்டத்தில் விளைந்ததைச் சாப்பிட வேண்டாம், மண்ணில் விளையாடினால் கை கழுவுங்கள் என்று ஒரு தாள் மட்டும் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்கக் கிளம்பி, வாங்க வந்தவர் விஷயம் தெரிந்து ஓடிவிட்டார். தெருவில் இரண்டு கட்சி. "ஏன் வந்து தோண்டினார்கள்" என்று ஒரு கட்சி, "ஏன் இவ்வளவு நாள் தோண்டவில்லை" என்று ஒரு கட்சி. நான் வாரத்துக்கு ஒரு முறை கட்சி மாறினேன்.

கடைசியில் 9 வீட்டுத் தோட்டம் மாசுபட்ட நிலம் என்று தீர்மானித்தார்கள். அந்தக் கடிதம் வந்த இரவு நாங்கள் தூங்கவில்லை. செலவு யார் தலையில் என்பதுதான் பயம். சட்டப்படி முதலில் மாசுபடுத்தியவர். அவர் கிடைக்காவிட்டால் இப்போதைய வீட்டுச் சொந்தக்காரர். எங்கள் வீட்டைக் கட்டிய நிறுவனம் எப்போதோ மூடிப்போயிருந்தது. அந்தச் சமயத்தில் எல்லாரும் பேசியது பாட்ரி வழக்கு. டான்காஸ்டர் பக்கம் அதுவும் எரிவாயு ஆலை மேல் கட்டிய 11 வீடு. தோட்டத்தில் நிலக்கரித் தார் கண்டுபிடித்து, சுற்றுச்சூழல் முகமை ஒரு வீட்டுக்குச் சராசரியாக 66,000 பவுண்டு செலவழித்துச் சுத்தம் செய்தது. பழைய எரிவாயு வாரியத்தின் வழிவந்த நிறுவனத்திடம் அந்தப் பணத்தைக் கேட்டபோது, அவர்கள் பொறுப்பில்லை என்று 2007-ல், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. முகமை வீட்டுக்காரர்களிடம் கேட்கவில்லை, பொதுப் பணத்தில் போயிற்று. எங்களுக்கும் நல்ல காலம், அரசு மானியத்தில் கவுன்சிலே செய்தது.

60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, ஆரஞ்சு வலை விரித்து, மேலே வேறு மண் கொட்டினார்கள். அதற்குக் கீழே தோண்டாதே என்பதற்குத்தான் அந்த ஆரஞ்சு வலை. ரோஜாவும் ஒரு ஆப்பிள் மரமும் போயிற்று. அஞ்சு வருஷம் கழித்து விற்கும்போது வாங்கியவரின் சொலிசிட்டர் பதிவேட்டைப் பார்த்துப் பத்துக் கேள்வி கேட்டார். துப்புரவுச் சான்றை நீட்டியவுடன் அடங்கிவிட்டார். அதே தெருவில் "மாசு இல்லை" என்று விட்டுவிட்ட ஐந்து வீட்டுக்காரர்கள்தான் இன்னும் விற்க முடியாமல் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பி, அந்தச் சான்றுத் தாளைத் தேடுங்கள். அது இருந்தால் ஆரஞ்சுப் பட்டைக்குப் பயப்பட வேண்டாம்.

சாவகச்சேரியான்:

மீனாட்சி, உங்கள் அந்தப் 11 மாதம் எங்கள் பக்கத்தில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆய்வகத்து முடிவு ஆறு கிழமையில் வரும். மிச்ச நாள் முழுக்க, தீர்மானிப்பதா வேண்டாமா என்று மேலிடத்தில் கதைப்பது. 2012-ல் வந்த சட்டபூர்வ வழிகாட்டிக்குப் பிறகு காணிகளை நான்கு வகையாகப் பிரிக்கச் சொன்னார்கள். முதலாவது, நிச்சயமாக ஆபத்து. நான்காவது, நிச்சயமாகப் பயமில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் நடுவில், அதிகாரியின் மனச்சாட்சிக்கு விட்டது. இரண்டு என்றால் பதிவேடு, மூன்று என்றால் கோப்பை மூடு. மானியமும் 2014-லிருந்து இல்லாமல் போய்விட்டது. இரண்டு என்று எழுதினால் காசு எங்கேயிருந்து வரும் என்று கேட்கும் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் மூன்று என்று எழுதிய காணிகளில் இரண்டு இன்றைக்கும் மனதுக்குள் கிடக்கின்றன.

தம்பி, செலவைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் மாசு இருப்பது தெரியாமலும், தெரிந்திருக்க நியாயமில்லாமலும் வாங்கியிருந்தால், அவரிடம் செலவை வாங்காமல் விடுவதைக் கவுன்சில் யோசிக்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. உங்கள் கையில் இப்போது 70 பக்கம் இருக்கிறது. தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது. ஆகவே நன்றாகத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

புதுவீட்டுக்காரன்: (ஆறு வாரம் கழித்து)

சாவகச்சேரி அண்ணாவுக்கும் மீனாட்சி அக்காவுக்கும் நன்றி. பாலிசி எடுக்கவில்லை, அதனால் கவுன்சிலுக்கு எழுதினேன். 19-வது வேலை நாளில் பதில் வந்தது, 140 பக்க ஸ்கேன்.

1996-ல் மண் ஆய்வு செய்திருக்கிறார்கள். 9 குழி. எங்கள் மனை பக்கத்தில் இரண்டரை மீட்டர் ஆழம்வரை சாம்பல், கண்ணாடி, செங்கல் துண்டு. வாயு மூன்று மாதம் அளந்து, மீத்தேன் சொல்லும்படி இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இருந்தும் தரைக்கு அடியில் தடுப்புத் தாள் போட்டிருக்கிறார்கள். ஈயம் சராசரி 410. இதற்குப் பக்கத்தில் "ஏற்கத்தக்கது" என்று டைப் அடித்திருக்கிறது! அண்ணா 200 என்றீர்களே? தோட்டங்களுக்கு 60 சென்டிமீட்டர் நல்ல மண் போட வேண்டும் என்று நிபந்தனை, போட்டாயிற்று என்று ஒரு கடிதம்.

விற்கிறவரிடம் கேட்டு, போன சனிக்கிழமை தோட்டத்தில் ஒரு மூலையில் நானே மண்வெட்டி போட்டேன். 45 சென்டிமீட்டரில் மண் கருப்பாகிவிட்டது. உடைந்த பீங்கான், மை பாட்டில் ஒன்று, களிமண் புகைக்குழாயின் தண்டு. என் மனைவி அந்த மை பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறாள்.

சாவகச்சேரியான்:

410 அப்போது சரிதான். அன்றைய வழிகாட்டியில் வீட்டுத் தோட்டத்துக்கு ஈயம் 500 வரை விட்டிருந்தார்கள். மண் அப்படியே கிடக்கிறது, எங்கள் கணக்கு மாறிவிட்டது. மேல்மண் சரியாக இருந்தால் அந்த 410 பிள்ளையின் கைக்கு வராது என்பதுதான் முக்கியம். 60 போட்ட இடத்தில் 45 இருப்பது பெரிய அதிசயம் இல்லை. 27 வருடத்தில் மண் இறுகும். யாரோ சொந்தக்காரர் புல்தரையைச் சமப்படுத்தி வாரியும் எடுத்திருப்பார். ஆனால் போட்ட மண் நல்ல மண்தானா? அந்தக் கடிதத்தோடு ஆய்வக முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மேல் 15 சென்டிமீட்டரில் நான்கைந்து இடத்தில் எடுத்து, நீங்களே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வீட்டு விலையோடு பார்த்தால் அது தேநீர்க் காசு.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தபோது, சனம் போத்தலில் பிடித்துச் சோதிக்கக் கொடுத்தது. யார் வந்து பார்ப்பார்கள் என்று காத்திருக்கவில்லை.

புதுவீட்டுக்காரன்: (இன்னும் மூன்று வாரம் கழித்து)

ஐந்து மாதிரி அனுப்பினேன். ஈயம் 62, 71, 88, 90. ஐந்தாவது, ஷெட்டுக்குப் பின்னால், 260. ஆர்சனிக், பென்சோபைரீன் எல்லாம் கீழே. விற்கிறவர் இந்தத் தாளைப் பார்த்து 4,000 பவுண்டு குறைத்தார். நேற்று கையெழுத்துப் போட்டோம்.

ஷெட்டுக்குப் பின்னால் கல் பாவிவிடப் போகிறேன். கீரைக்கு உயரப் பாத்தி, புது மண் கொட்டி. பாத்திக்குச் சுற்றிப் போட இங்கே ஒருவர் பழைய ரயில்வே கட்டைகள் மலிவாகத் தருகிறார், வரிசையாக வைத்தால் அழகாக இருக்கும்.

சாவகச்சேரியான்:

ஐயோ, பழைய கட்டை வேண்டாம் தம்பி! கிரியோசோட் ஊறவைத்தது. அது நிலக்கரித் தாரில் எடுக்கும் எண்ணெய், பென்சோபைரீன் அதிலேயே இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு மண்ணில் இல்லை என்று கண்டுபிடித்ததை நீங்களே காசு கொடுத்து வாங்கி வைக்கப் போகிறீர்கள்.

புதுவீட்டுக்காரன்:

முன்பணம் கொடுத்துவிட்டேன் அண்ணா. 40 பவுண்டு. அவருக்கு இப்போதே மெசேஜ் போடுகிறேன்.